கேம் நடுவில் சிஸ்டம் ஹேங் ஆகிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஒருவர் அனுப்பிய கேள்வி இது. ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு, பி550 மதர்போர்டு, 3600 வேகத்தில் 16 ஜிபி ரேம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கரன்ட் தரும் பவர் சப்ளை). பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, தானே அசெம்பிள் செய்த சிஸ்டம். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. இப்போது கேம் ஆடும்போது சில நாள் படம் அப்படியே நின்று, ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று ஒரே சத்தம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. வேறு சில நாள் திரை மட்டும் கருப்பாகிறது, கேமின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்தாயிற்று. விண்டோஸை ஃபார்மட் செய்து மறுபடி போட்டாயிற்று. கார்டின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 41 என்ற பிழை மட்டும் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்கிறார் ஒருவர். சிஸ்டத்தின் உட்புறப் படம் இணைப்பில். கார்டு போய்விட்டதா, புதிதாக வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கார்டுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. கேம் ஆடும்போது மட்டும் ஹேங் என்றதும் எல்லோர் கண்ணும் கார்டின் மேல்தான் போகும். ஆனால் கேம் ஓடும் நேரத்தில் பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ், கார்டு செருகியிருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் எல்லாமே ஒரே சமயத்தில் முழு வேகத்தில் உழைக்கின்றன. இதில் எது தடுமாறினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், திரையில் படம் நின்றுவிடும். அதனால் ஹேங் எப்படி நிகழ்ந்தது என்பதை முதலில் நன்றாகக் கவனித்துவிட வேண்டும். எந்தப் பக்கம் தேடுவது என்பதை அதுதான் சொல்லும்.

2007-ல் வந்த விஸ்டாவிலிருந்தே விண்டோஸில் டிடிஆர் என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த ஒரு வேலை 2 வினாடிக்குள் முடியவில்லை, அதைப் பாதியில் நிறுத்தவும் முடியவில்லை என்றால் விண்டோஸ் கார்டை ரீசெட் செய்யும். ரீசெட் பலித்தால் திரை ஒரு கணம் கருப்பாகித் திரும்பும், பெரும்பாலும் கேம் மட்டும் மூடிக்கொள்ளும், ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டதாகப் பதிவாகும். ரீசெட் பலிக்காவிட்டால் ப்ளூ ஸ்கிரீன். ஒரு நிமிடத்துக்குள் 5 தடவைக்கு மேல் இப்படி ரீசெட் செய்ய நேர்ந்தாலும் ப்ளூ ஸ்கிரீன்தான்.

ஆக, கார்டோ டிரைவரோ மட்டும் சிக்கிக்கொண்டால் விண்டோஸ் ஏதாவது ஒரு வழியில் அதைச் சொல்லிவிடும். உங்களுடைய முதல் வகை ஹேங்கில் அப்படி எதுவும் வரவில்லை. விண்டோஸே இயங்கவில்லை என்று அர்த்தம். "ர்ர்ர்" சத்தமும் அதைத்தான் சொல்கிறது. ஒலிச் சிப் ரேமின் ஒரு சின்னப் பகுதியைச் சுற்றிச் சுற்றிப் படித்துக்கொண்டே இருக்கும். அதில் அடுத்தடுத்த சத்தத்தை நிரப்ப வேண்டியது பிராசசரின் வேலை. பிராசசர் நின்றுவிட்டால் நிரப்ப ஆளில்லை, பழைய துண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பிராசசர் நிற்பதற்குக் காரணம் அதன் சொந்தக் கோளாறாக இருக்கலாம், ரேமாக இருக்கலாம், அல்லது கார்டிடம் ஏதோ கேட்டுவிட்டு வராத பதிலுக்காகக் காத்திருப்பதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வகை வேறு. திரை கருப்பு, ஆனால் கேமின் சத்தம் ஓடுகிறது. பிராசசர், ரேம், விண்டோஸ் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. கார்டு மட்டும் காணாமல் போயிருக்கிறது. அந்த நேரத்தில் கார்டின் ஃபேன்கள் திடீரென்று முழு வேகத்தில் இரைகின்றனவா என்று அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். இரைந்தால், கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் இதே நிகழ்ச்சியை என்விடியா டிரைவர் எக்ஸ்ஐடி 79 என்ற எண்ணோடு, கார்டு பஸ்ஸிலிருந்து (சிஸ்டத்தோடு இணைக்கும் பாதையிலிருந்து) விழுந்துவிட்டது என்று பதிவு செய்யும். நடந்ததை அப்படியே சொல்லும் செய்தி அது.

அடுத்த ஹேங்கில் உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அப்புறம் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அது கிராபிக்ஸ் டிரைவரை ரீசெட் செய்யச் சொல்லும் கட்டளை. ஒரு பீப் கேட்டு படம் திரும்பி வந்தால் டிரைவர் பக்கம் தேடலாம். நம் லாக் விளக்கே அசையவில்லை என்றால் டிரைவரை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது பதிவுகள். ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணில் கெர்னல் பவர் பிழை மட்டும் இருக்கிறது, அதனால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 41 அப்படிச் சொல்லவில்லை. சிஸ்டம் முறையாக அணைக்கப்படாமல் மறுபடி கிளம்பியது என்பது மட்டுமே அதன் செய்தி. நீங்கள் பட்டனைப் பிடித்து அணைத்தாலே அது வரும். ஆனால் அதைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போனால் உபயோகமான இரண்டு வரிகள் கிடைக்கும். ஒன்று, பக்செக் கோடு, அதாவது ப்ளூ ஸ்கிரீனின் பிழை எண். அது 0 என்றால் ப்ளூ ஸ்கிரீன் வரவில்லை, அசல் ஹேங் அல்லது கரன்ட் போன கதை. 278 என்றால் டிடிஆர் தோல்வி, அதாவது கார்டு பக்கம். 292 என்றால் வன்பொருள் பிழையைப் பிராசசரே கண்டு சொன்னது. இவை பதின்ம எண்கள். இணையத்தில் தேடும்போது பதினாறின்மத்தில் (ஹெக்ஸாடெசிமலில்) 116 என்றும் 124 என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இன்னொரு வரி, பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப். அதில் 0 தவிர வேறு எண் இருந்தால் பட்டன் அழுத்தி அணைக்கப்பட்டது. பக்செக் 0, டைம்ஸ்டாம்பும் 0, நீங்களும் பட்டனைத் தொடவில்லை என்றால் கரன்ட் உள்ளே வராமல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அதே பட்டியலில், வன்பொருள் பிழைகளைப் பதியும் வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 17 என்ற எண் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பிழை வந்து, திருத்தப்பட்டதைச் சொல்லும். ஒன்றிரண்டு இருந்தால் கவலை வேண்டாம். நூற்றுக்கணக்கில் குவிந்தால் ஸ்லாட், செருகல், கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிளான ரைசர் கேபிள் மூன்றையும் சந்தேகியுங்கள். 18 என்ற எண்ணோடு கேஷ் ஹயரார்க்கி எர்ரர் என்று வந்தால் அது பிராசசரின் குரல். ரைசன் 5000 வரிசையில் இதைக் கண்டவர்கள் கார்டைத் தொடவே வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டரையும் ஒரு முறை திறங்கள். ஹார்டுவேர் எர்ரர் என்ற தலைப்பில் லைவ் கெர்னல் ஈவென்ட் 141 இருந்தால், ப்ளூ ஸ்கிரீன் வராமலே கார்டு பின்னணியில் சிக்கியிருக்கிறது.

இப்போது உங்கள் சிஸ்டத்துக்கு வருகிறேன். இரண்டு விதமான ஹேங் ஒரே சிஸ்டத்தில் வருகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று வைத்துத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பொதுக் காரணத்துக்கு முதல் வேட்பாளர் கரன்ட்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. கார்டில் இரண்டு 8 முனை இணைப்புகள் இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது ஒரே ஒரு கேபிள். அதன் நுனியில் ஒரு கனெக்டர், அங்கிருந்து ஒரு சாண் நீளத்தில் வால் போலக் கிளம்பி இன்னொரு கனெக்டர். இரண்டையும் கார்டில் செருகியிருக்கிறீர்கள். பொருந்துகிறது, வேலையும் செய்கிறது, அதனால் பெரும்பாலானோர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு பாருங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட் வரலாம். ஒரு 8 முனை கேபிளுக்கு விதிப்படி 150 வாட். 3070-இன் சராசரித் தேவை 220 வாட், ஓவர்கிளாக் செய்து (விதித்ததைவிட அதிக வேகத்தில் ஓடவிட்டு) விற்கும் மாடல்களில் இன்னும் கொஞ்சம் கூடும். சராசரியைப் பார்த்தால் ஒற்றைக் கேபிளில் சமாளிக்கலாம் போலத்தான் இருக்கும். சிக்கல் சராசரியில் இல்லை. காட்சி மாறும் கணத்தில், குண்டு வெடிக்கும் கணத்தில், மெனுவிலிருந்து கேமுக்குள் நுழையும் கணத்தில் கார்டு மிகச் சில மில்லி வினாடிகளுக்குச் சராசரியைவிட வெகுதூரம் மேலே இழுக்கும். இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று, 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை. புதிய 16 முனை இணைப்பு கொண்ட எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ வினாடிக்குத் தங்கள் அளவின் இரு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் 650 வாட் அதற்கு முந்தைய தலைமுறை.

8 முனையில் 12 வோல்ட் வருவது மூன்று கம்பிகளில் மட்டும். ஒற்றைக் கேபிளில் 180 வாட் போனால் 15 ஆம்பியர். கம்பி எரிந்துவிடும் அளவு இல்லை. ஆனால் மேலே சொன்ன உச்சம் வரும்போது கம்பியிலும், ஒன்றரை வருடத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும் முனைகளிலும் வோல்டேஜ் விழும். கீழ் வீட்டில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் மாடியில் தண்ணீர் நூலாக வருமே, அந்த மாதிரி. எஸ்எம்பிஎஸ் வாசலில் 12 வோல்ட் சரியாகத்தான் இருக்கும். கார்டின் வாசலில் இருக்காது. கார்டு மயங்கி விழும், உங்களுக்குக் கருப்புத் திரை. அதன் பதிலுக்காகப் பிராசசர் காத்து நின்றுவிட்டால் உங்கள் முதல் வகை ஹேங்.

எனவே முதல் வேலை, எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மீதமிருக்கும் இரண்டாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிளைத் தேடி எடுங்கள். கார்டின் ஒவ்வொரு இணைப்புக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே தனிக் கேபிள் போக வேண்டும். வால் கனெக்டர்கள் சும்மா தொங்கட்டும். செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. இந்த ஒரு மாற்றத்தில் பிரச்சினை தீர்ந்துபோனதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேபிளைக் காணவில்லை என்று நண்பரின் வேறு எஸ்எம்பிஎஸ் கேபிளைக் கொண்டுவந்து செருகாதீர்கள். கார்டு பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த முனையில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலேயே மாறும். தவறான கேபிள் ஒரு நொடியில் மதர்போர்டையோ எஸ்எஸ்டியையோ எரித்துவிடும்.

கேபிளை மாற்றும்போதே கார்டையும் கழற்றி மறுபடி போட்டுவிடுங்கள். சிஸ்டத்தை அணைத்து, சுவரில் பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சக் கரன்ட்டை வடித்துவிடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் தாழ்ப்பாளை விரலால் அழுத்திக்கொண்டு கார்டை நேராக மேலே இழுங்கள். தங்க நிற முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை, தூசிப் படலம், கருத்த கோடு எது இருந்தாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காயவிட்டு, தாழ்ப்பாள் "டக்" என்று விழும்வரை செருகுங்கள். 3070 கனமான கார்டு. ஃபேன் பக்கம் கீழே தொங்கினால் ஸ்லாட்டின் ஒரு முனையில் தொடர்பு விட்டுவிட்டு வரும். கீழே ஒரு முட்டு கொடுங்கள், கடையில் கிடைக்கும் சின்ன ஸ்டாண்டே போதும். பிறகு ஜிபியு இசட் நிரலைத் திறந்து, சுமை ஏற்றிய நிலையில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். 16 தடங்களும் 4.0 வேகத்தில் ஓட வேண்டும். 8 அல்லது 4 என்று காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை.

கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிச் சோதியுங்கள். மூன்றாம் தலைமுறை வேகத்துக்கென்று செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டு அவதிப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரைசர் இல்லாவிட்டாலும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டை ஆட்டோவிலிருந்து ஜென் 3 (Gen 3, மூன்றாம் தலைமுறை வேகம்) என்று மாற்றி ஒரு வாரம் ஆடிப் பார்க்கலாம். 3070 போன்ற கார்டில் வேக இழப்பு கண்ணுக்கே தெரியாது. அதில் ஹேங் நின்றால் இணைப்பின் தரத்தில்தான் கோளாறு.

இரண்டாவது வேட்பாளர் ரேம். 3600 என்பது நீங்கள் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைப் போட்டதால் வரும் வேகம். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாக உறுதி தருவது 3200 வரைதான். 3600 பெரும்பாலான சிஸ்டங்களில் நன்றாக ஓடும், ஆனாலும் அது ஓவர்கிளாக்தான். வாங்கியபோது ஓடியது என்பதால் இன்றும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரேம் சோதனை நிரலான மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓட்டினேன், பிழையே இல்லை என்பார்கள். அந்தச் சோதனையின்போது கார்டு சும்மா இருக்கிறது, கேபினெட் குளிர்ந்திருக்கிறது. கேமில் 220 வாட் சூடு அப்படியே கேபினெட்டுக்குள் இறங்கி ரேம் குச்சிகளைச் சுட வைக்கிறது. குளிரில் தேறிய ரேம் அந்தச் சூட்டில் தடுமாறலாம். சித்திரை மாதத்து மதியத்தில் மட்டும் ஹேங் ஆகிறது, இரவில் ஆவதில்லை என்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

அதனால் ரேமுக்கு நான் நம்பும் சோதனை வேறு. பயாஸில் எக்ஸ்எம்பியை அணையுங்கள். வேகம் 2133 அல்லது 2400-க்கு இறங்கும், ஃபிரேம் குறையும், பரவாயில்லை. வழக்கமாக ஹேங் ஆகும் அதே கேமை, வழக்கமாக ஆகும் காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம் ஆடுங்கள். ஹேங் இல்லை என்றால் 3200 போட்டுப் பாருங்கள். அதிலும் நின்று ஓடினால் அங்கேயே விட்டுவிடலாம். பிராசசர் வேகத்தைக் கூட்டும் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் அமைப்புகள் எதையாவது தொட்டிருந்தால் அதையும் இதே சமயத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு குச்சிகள்தான் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இருக்கின்றனவா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பிராசசர் கோளாறு கார்டு வேஷம் போட்டு வரும் என்பதை நம்பாதவர்களுக்கு இன்டெல் கதையைச் சொல்ல வேண்டும். 13-ம், 14-ம் தலைமுறை கோர் பிராசசர்கள் வைத்திருந்தவர்களுக்கு, அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்ற பிழையோடு மூடிக்கொண்டன. 24 ஜிபி வீடியோ மெமரி உள்ள கார்டிலும் அதே செய்தி. பலர் கார்டைத் திருப்பி அனுப்பினார்கள், டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். உண்மையில் பிராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜில் ஓடி மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டது, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாக வரும் பிராசசரின் உள்நிரலான மைக்ரோகோடு திருத்தப்பட்டு வந்தது, அந்தப் பிராசசர்களுக்கு வாரண்டியையும் 2 வருடம் நீட்டித்தது. உங்களுடையது ரைசன், இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. அந்தத் தலைமுறை இன்டெல் வைத்திருந்து இதைப் படிப்பவர்கள் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே சிதைந்துவிட்ட பிராசசரை அப்டேட் குணப்படுத்தாது, அதை வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

கேபிள், செருகல், ரேம் மூன்றும் முடிந்தும் ஹேங் வருகிறதா? இப்போது கார்டைச் சோதிக்கலாம். ஆஃப்டர்பர்னர் நிரலில் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து ஆடுங்கள். ஹேங் நின்றால் கரன்ட் பாதை அல்லது கார்டின் சிப், இரண்டில் ஒன்று. அதைப் பிரிக்க, பவர் லிமிட்டை மறுபடி 100 ஆக்கி, கோர் கிளாக்கை மட்டும் 150 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். இதிலும் நின்றால் சிப் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. இதில் நிற்காமல் பவர் குறைத்தால் மட்டும் நின்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் போங்கள். தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து வந்த கார்டுக்கு இன்னொரு சுலப வழி உண்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவுக்குள் டீபக் மோட் என்று இருக்கிறது, அது கார்டை என்விடியாவின் அசல் வேகத்துக்கு இறக்கிவிடும். பலர் கண்ணில் படாத வசதி இது.

கார்டுக்குச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் நிரல் அரைமணி நேரம் ஓடியது, அதனால் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக இருக்கின்றன என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். ஃபர்மார்க் ஒரே அளவான சுமை. உங்கள் கேம் கொடுப்பது ஏறி இறங்கும் சுமை. ஓசிசிடி நிரலில் சுமையை ஏற்றி இறக்கும் முறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதே நிரலில் வீடியோ ரேமுக்குத் தனிச் சோதனை உண்டு. எந்த ஓவர்கிளாக்கும் இல்லாத நிலையில் அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டு பழுதுதான், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

வெப்பம் 70 டிகிரி என்று நீங்கள் பார்த்தது சிப்பின் பொதுவான எண். எச்டபிள்யு இன்ஃபோ நிரலில் ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்ற வரியைப் பாருங்கள். பொது எண்ணைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். 30 டிகிரி இடைவெளி இருந்தால் உள்ளே சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. 3080, 3090 வைத்திருப்பவர்கள் மெமரி ஜங்ஷன் வெப்பத்தையும் பார்க்க வேண்டும், 110 டிகிரியை நெருங்கினால் மெமரியின் சூட்டைக் கடத்தும் பேட் மாற்ற வேண்டிய காலம். 3070-இல் அந்த சென்சார் எண் வராது. பொதுவாகச் சூடு ஏறினால் கார்டு முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடுத்த எடுப்பில் ஹேங் ஆவது அரிது. அதனால் வெப்பத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

40 வரிசையிலும் அதற்கு மேலும் 16 முனை இணைப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் 4090 கார்டுகளில் இந்த இணைப்பு உருகியது பெரிய செய்தியானது. 2023-ல் திருத்திய வடிவத்தில் செருகலைக் கண்டறியும் உணர்வு முனைகளைக் குட்டையாக்கினார்கள், முழுதும் செருகாவிட்டால் கார்டு கரன்ட் இழுக்காது. இடைவெளி தெரியாதபடி உள்ளே தள்ளுங்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை வளைத்து அழுத்தினால், திடீர்க் கருப்புத் திரைக்கு அதுவே காரணமாகலாம்.

டிரைவர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் உங்கள் முதல் வகை ஹேங்குக்கு அது காரணமாகும் வாய்ப்பு குறைவு. புதியதுதான் நல்லது என்ற நம்பிக்கையை விடுங்கள். 2025 தொடக்கத்தில் வந்த 572 வரிசை டிரைவரில் கருப்புத் திரைப் புகார்கள் குவிந்தன. பழைய கார்டுக்காரர்கள் பலர் 2024 டிசம்பரில் வந்த 566.36-க்குத் திரும்பிப் போனார்கள். மாற்றுவதென்றால் இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் நிரல் கொண்டு பழையதைத் துடைத்துவிட்டு, முன்பு ஒழுங்காக ஓடிய எண்ணைப் போடுங்கள். இரண்டு மானிட்டர் வைத்து, ஒன்றில் கேம், மற்றதில் யூடியூப் ஓடும்போது மட்டும் திரை மின்னி மறைகிறது என்பவர்கள் எம்பிஓ எனப்படும் மல்டி பிளேன் ஓவர்லே என்ற விண்டோஸ் காட்சி வசதியை அணைத்துப் பார்க்கலாம். ஓரிரு வினாடி மட்டும் திரை கருத்துத் தானாகத் திரும்புகிறது, பதிவுகளில் எதுவும் இல்லை என்றால் முதலில் டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாற்றுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலேயை 2-லிருந்து 8 அல்லது 10 வினாடியாக ஏற்றச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். பிளெண்டர் போன்றவற்றில் ஒரே வேலை நீண்ட நேரம் எடுப்பவர்களுக்கு அது சரி. கேம் ஹேங்குக்கு அது மருந்து கிடையாது. 2 வினாடியில் தெரிய வேண்டிய கோளாறு 10 வினாடியில் தெரியும், அவ்வளவுதான்.

யுபிஎஸ் வழியாக ஓட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. வீட்டில் பொதுவாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவில்தான் தாங்கும். உங்கள் சிஸ்டம் முழுச் சுமையில் அதைத் தொட்டுவிடும். சோதனைக் காலத்தில் நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் ஓட்டுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பிளக்கின் மூன்றாவது முனைக்கு எர்த் வரவில்லை. ஹேங்குக்குக் காரணமோ இல்லையோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்தே ஆக வேண்டும்.

சேர்த்துச் செய்யச் சொன்னவை தவிர, ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் செய்யுங்கள். கேபிள், ரேம், டிரைவர் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு ஹேங் நின்றால் எது தீர்த்தது என்று தெரியாது. திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தேதி, என்ன மாற்றினேன், எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த வகை ஹேங் என்று செல்போனிலேயே குறித்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் உங்கள் கார்டை நண்பரின் சிஸ்டத்தில் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். முடிந்தால் அவருடைய கார்டை உங்களிடம் வாங்கிப் போடுங்கள். உங்கள் கார்டு அங்கே நன்றாக ஓடி, அவருடையது இங்கே ஹேங் ஆனால், எஸ்எம்பிஎஸ்ஸை 750 வாட்டுக்கு, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய ஒன்றாக மாற்றுங்கள், கேபிள்களையும் அதன் பெட்டியில் வந்தவற்றையே போடுங்கள். உங்கள் கார்டு அங்கேயும் விழுந்தால் வாரண்டிக்கு அனுப்பலாம். சர்வீஸ் சென்டரில் திறந்த மேசையில், பெரிய எஸ்எம்பிஎஸ்ஸில், கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துப் பழுதில்லை என்று திருப்பி அனுப்புவது சகஜம். அதனால் "ஹேங் ஆகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த நிரலில், எத்தனை நிமிடத்தில், எந்த நிலையில் விழுகிறது, வேறொரு சிஸ்டத்திலும் அப்படியே விழுந்தது, ஓசிசிடியில் எத்தனை பிழை என்று ஒரு தாளில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள். கார்டின் சீரியல் எண் ஸ்டிக்கரையும், நான்கு பக்கமும் கார்டையும் புகைப்படம் எடுத்துவிட்டு, பழைய பெட்டி இருந்தால் அதிலேயே வைத்து அனுப்புங்கள்.